விசாரணை விசாரித்த பாத்ரூம்

திருமுல்லைவாயிலில் எங்கள் தெருவில் ஓர் ஆணி அடிப்பதாக இருந்தாலும் இரண்டு பேருடைய சம்மதம் வேண்டும். ஒருவர் வீட்டுச் சொந்தக்காரர். இன்னொருவர் விசாரணை. சொந்தக்காரர் சம்மதிக்காவிட்டால்கூட எப்படியாவது பேசிச் சரிக்கட்டிவிடலாம்.

பெற்றோர் வைத்த பெயர் அவருக்கு வேறு ஏதோ இருந்திருக்க வேண்டும். கூரியர் கொண்டுவருகிற பையன்கூட "விசாரணை சார் வீடு எது?" என்றுதான் கேட்பான். அம்பத்தூரில் பைக்குகளுக்கு சீட் கவர் போடும் கடையை மகனிடம் ஒப்படைத்துவிட்டதால் அவருக்கு நேரம் நிறைய இருந்தது. அந்த நேரம் முழுவதும் எங்களுக்காகத்தான் செலவானது. நாங்கள் வேண்டாமென்றாலும் செலவானது.

தெருவில் யாராவது கொத்தனாருக்கோ பெயிண்டருக்கோ அட்வான்ஸ் கொடுக்கப் போகிறார்கள் என்று தெரிந்தால் போதும், ஸ்கூட்டரோடு வந்து நிற்பார். வேலைக்காரர் செல்போனில் காட்டும் படங்களைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். "போன வருசம் செஞ்ச ஊடு ஒண்ணு சொல்லு. போன மாசம் செஞ்சது வேணாம், அது இன்னும் மழையே பாக்கல" என்பார். முகவரி கிடைத்ததும் புறப்பட்டுவிடுவார். ஆனால் அந்த வீட்டுக்குப் போக மாட்டார். அதற்குப் பக்கத்து வீட்டில் போய் மணியடிப்பார்.

"ஏமாந்தவன் வாயத் தொறக்க மாட்டான் சார், மானம் பூடும். பக்கத்து ஊட்டுக்காரன் வாய மூடவே மாட்டான்" என்று எனக்கு விளக்கினார்.

இந்த முறையில் ஆபத்தும் உண்டு. ஒருமுறை முத்தாபுதுப்பேட்டையில் ஒரு தச்சரைப் பற்றி விசாரிக்கப் போனார். "ஆளு எப்டி? குடி கிடி கீதா? சொன்ன பேச்சுக்கு நிப்பானா?" என்று வரிசையாகக் கேட்டிருக்கிறார். தச்சரை வேலைக்கு வந்தபோது மட்டும் பார்த்திருந்த பக்கத்து வீட்டு அம்மாள் இதைப் பெண் வீட்டார் விசாரணை என்று நினைத்துக்கொண்டு, காபி கொடுத்து, தங்கமான பையன் என்று சொல்லி அனுப்பிவிட்டு, தச்சருக்குப் போன் போட்டு வாழ்த்தும் சொல்லிவிட்டார். அந்தத் தங்கமான பையனுக்கு ஏற்கெனவே கல்யாணமாகி இரண்டு குழந்தைகள். சாயங்காலமே தச்சரின் மனைவி ஆட்டோ பிடித்து எங்கள் தெருவுக்கு வந்துவிட்டார். "எம் புருசனுக்குப் பொண்ணு குடுக்க வந்தவன் எவன்யா?" என்று அவர் போட்ட சத்தத்தில் தெருவே கதவைத் திறந்தது, விசாரணை வீட்டுக் கதவைத் தவிர.

நானும் சிரித்தவன்தான். என் வீட்டுக்கு அவர் தேவைப்படும் வரை.

என் மனைவி கோமதி எங்கள் பாத்ரூமில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டாள். அறுவை சிகிச்சை முடிந்ததும் டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: இனி குத்தவைத்து உட்காரக் கூடாது, வெஸ்டர்ன் டாய்லெட் வேண்டும், சுவரில் கைப்பிடி வேண்டும், வழுக்காத தரை வேண்டும். அடுத்த வாரம் வீட்டுக்கு அழைத்துப் போகலாம் என்றார். எங்கள் பாத்ரூமோ வீடு கட்டிய காலத்துப் பாசியோடு இருந்தது.

அலுவலக நண்பர் ஒருவர் மூலம் ஒரு கான்ட்ராக்டர் வந்தார். அவர் வாயைத் திறந்ததும் நான் உருகிவிட்டேன். எங்கள் ஊரின் அசல் திருநெல்வேலிப் பேச்சு. "கவலப்படாதீய அண்ணாச்சி, நம்ம ஊருக்காரவுகளுக்குச் செய்யாம யாருக்குச் செய்யப் போறேன்? பாதிப் பணத்த மட்டும் இப்பம் போட்டு விடுங்க" என்றார். நான் போனை எடுத்தேன். வாசலில் ஸ்கூட்டர் வந்து நின்றது.

கான்ட்ராக்டர் சொன்ன வீடு அண்ணனூரில் இருந்தது. பின்னால் உட்கார்ந்து நானும் போனேன். பக்கத்து வீட்டுப் பெண்மணியிடம் விசாரணை முதல் கேள்வியை முடிப்பதற்குள்ளேயே பதில் வந்துவிட்டது.

"வேலை சுத்தமாத்தான் செய்வாரு. முடிக்கத்தான் மாட்டாரு. பாத்ரூமுக்கு டைல்ஸ் போட்டாரு, கதவு போடல. அந்தம்மா இன்னிக்கும் எங்க வீட்லதான் குளிக்குது. கேட்டா, எங்க ஊருக்காரர், எப்படியும் வருவாருன்னு சொல்லுது."

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. சென்னைக்கு வந்து இத்தனை வருடமாகியும் ஊர்ப் பேச்சைக் கேட்டால் எங்களுக்குப் புத்தி வேலை செய்வதில்லை. 'இப்பம்' என்று ஒருவர் சொல்லிவிட்டால் அவர் மனத்துக்குள்ளேயே புகுந்து பார்த்துவிட்டதாக நம்பிவிடுகிறோம். அந்த வீட்டம்மாவை நான் பார்க்கவில்லை. ஆனால் துண்டும் சோப்புமாக அவர் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுவது எனக்கு நன்றாகத் தெரிந்தது.

அதற்குப் பிறகு விசாரணை பார்த்தவர்களையெல்லாம் கழித்துக்கொண்டே வந்தார். ஒருவர் கோபக்காரர், ஒருவர் ஒரே நேரத்தில் நாலு வீட்டில் வேலை எடுப்பவர். நாள் நெருங்க நெருங்க எனக்குப் பொறுமை போய்விட்டது.

"என் பொண்டாட்டி ஆஸ்பத்திரியில கிடக்கா. உங்களுக்கு இது விளையாட்டா இருக்கா?" என்று தெருவிலேயே கத்திவிட்டேன்.

அவர் கோபப்படவில்லை. "தங்கச்சி இன்னொரு வாட்டி உய்ந்தா இன்னா சார் பண்ணுவ?" என்று மட்டும் கேட்டார்.

கடைசியில் பூந்தமல்லியிலிருந்து சலீம் பாயை அழைத்து வந்தார். விசாரித்த மூன்று பக்கத்து வீடுகளிலும் பாஸானவர். பாத்ரூம் சாமான்களை என் பெயரில் பில் போட்டு நானே வாங்க வேண்டும், கூலியை வேலை நகர நகரக் கொடுக்க வேண்டும், கடைசிப் பகுதியைக் கடைசியில்தான் கொடுக்க வேண்டும் என்று விசாரணை உத்தரவு போட்டார். பாய் அதற்கு ஒப்புக்கொண்டார். விசாரணை தினமும் வாசற்படியில் உட்கார்ந்திருப்பார் என்பதற்குத்தான் ஒப்புக்கொள்ளவில்லை. ஆனாலும் அவர் உட்கார்ந்தார்.

புதுத் தரையில் சோப்புத் தண்ணீரைக் கொட்டி பாயை வெறுங்காலோடு நடக்கவிட்டார். சுவரில் கைப்பிடி பொருத்திக் காய்ந்ததும், இரண்டு கையாலும் அதைப் பிடித்துக் காலை மடக்கித் தொங்கினார்.

"அண்ணாத்தே, அது புட்ச்சிக்கிறதுக்கு. தொங்குறதுக்கு இல்ல" என்று பாய் அலறினார்.

"உய்ற நேரத்துல தங்கச்சி மெதுவாவா புடிக்கும்?" என்றார் விசாரணை, தொங்கியபடியே.

கோமதி வாக்கரோடு வீடு வந்து சேர்ந்தாள். சற்று நேரத்தில் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். வெளியே நான், பாய், விசாரணை. பாய்க்குக் கடைசிப் பகுதியைக் கொடுத்துவிடலாமென்று போனை எடுத்தேன். விசாரணை என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார்.

"இரு சார். தங்கச்சி வெளிய வரட்டும்."

உள்ளே தண்ணீர் விழுந்தது. நின்றது. பிறகு வெகுநேரம் ஒரு சத்தமும் இல்லை. கூப்பிடலாமா என்று நினைத்தபோது கதவு திறந்தது.

"என்ன, மூணு பேரும் பிரசவ வார்டு வாசல்ல நிக்கிற மாதிரி நிக்கிதீய?" என்றாள் கோமதி. விழுந்த நாளுக்குப் பிறகு அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

"இப்போ குடு சார்" என்று விசாரணை என் கையை விட்டார். விட்டவர் நேரே உள்ளே போய், கைப்பிடியை இன்னொரு முறை இழுத்துப் பார்த்தார். கோமதிக்குக் கூடப் பிறந்த அண்ணன் கிடையாது. அது ஒரு குறையென்று அதற்குப் பிறகு நான் நினைத்ததில்லை.