எனக்கு முன்னால் புறப்பட்ட பை

காலண்டரைப் பார்த்துச் சிரிப்பவர்கள்கூட, மகளுக்கு இன்டர்வியூ என்றால் திருட்டுத்தனமாக அதை ஒருமுறை பார்த்துக்கொள்வார்கள். எங்கள் அப்பாவிடம் திருட்டுத்தனமெல்லாம் கிடையாது, வெளிப்படையாகவே பார்ப்பார். பட்டாளத்தில் குண்டுக்குப் பயப்படாத மனிதர், சூலத்துக்கு மட்டும் பயப்படுவார்.

பி.எட். முடித்து இரண்டு வருடம் வீட்டில் தோசை சுட்டவளுக்கு வந்த முதல் அழைப்பு அது. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பள்ளிக்கூடம், செவ்வாய்க்கிழமை காலை. இது கிடைக்காவிட்டால் மாப்பிள்ளை பார்ப்பது என்று அம்மா முடிவு கட்டியிருந்தாள்.

“ஏட்டி, செவ்வாய்க்கிழமை வடக்கே சூலம்லா? அந்தத் திசைக்கு எப்படிப் போவ?” என்றார் அப்பா.

ராஜபாளையத்திலிருந்து பஸ்ஸில் அரைமணி நேரம்தான். (வீட்டில் நடந்த பேச்சைக் கேட்டால் காசிக்குப் போகிறேன் என்று நினைப்பீர்கள்.) பால் குடித்துவிட்டுப் போனால் பரிகாரம் என்று காலண்டரிலேயே போட்டிருந்தது. இன்டர்வியூவுக்கு அது பத்தாதாம். பரஸ்தானம் வைக்கச் சொன்னார். அதாவது, முதல் நாளே நல்ல நேரத்தில் நம் பையைப் போகிற திசையில் இன்னொரு வீட்டில் வைத்துவிட்டால், பயணம் அப்போதே தொடங்கியதாகக் கணக்கு.

“அவசியமான சாமான் இருக்கணும். பழைய துணிய வச்சு ஏமாத்தக் கூடாது.”

பௌதிகம் படித்த நானும், சர்டிபிகேட் அத்தனையையும் பையில் போட்டு, திங்கட்கிழமை சாயங்காலம் வடக்கே நாலு வீடு தள்ளியிருந்த மதினியிடம் கொடுத்துவிட்டு வந்தேன்.

மறுநாள் காலை போனால் மதினி வீட்டில் பூட்டு.

“அது தேவதானத்துக்குப் போயிருச்சே. எமகண்டத்துக்கு முந்திக் கெளம்பணும்னு விடியவே ஓடிருச்சு” என்றார் அடுத்த வீட்டுக்காரர். போன் போட்டேன். பூட்டிய வீட்டுக்குள் மணி அடித்தது.

வெறுங்கையோடு போய் உட்கார்ந்தேன். “சர்டிபிகேட்லாம் எங்கம்மா?” என்றார் தாளாளர்.

“நேத்தே கிளம்பிருச்சு சார்.”

விளக்கினேன். விளக்க விளக்க மோசமானது. பக்கத்திலிருந்த தலைமையாசிரியை குனிந்து பேனாவைத் தேட ஆரம்பித்தார் (அது அவர் கையில்தான் இருந்தது). தாளாளர் நல்ல மனிதர். “பரவால்லம்மா, நாளைக்குக் கொண்டு வாங்க” என்றார். சரி என்று எழுந்து வந்திருக்கலாம்.

“நாளைக்கும் வடக்கே சூலம்தான் சார். வியாழக்கிழமை வரட்டுமா?” என்றேன்.

அது அறிவியல் டீச்சர் வேலை.

வியாழக்கிழமை பையும் நானுமாகப் போனோம். புதன்கிழமையே வேறொருத்தி சேர்ந்துவிட்டாள். திரும்பி வரும்போது பஸ்ஸில் அழுதேன். அப்பா அசரவில்லை. “பையை விட்டுட்டு நீ மட்டும் போனா எப்படிச் செல்லும்?” என்றார். அம்மா அடுத்த மாதமே மாப்பிள்ளை பார்த்துவிட்டாள்.

இப்போது தளவாய்புரத்தில் ஒரு பள்ளியில் பாடம் எடுக்கிறேன். கடையில் போய்க் கறிவேப்பிலை வாங்கி வா என்றால், என் மகள் போனிலிருந்து தலையைத் தூக்காமல் கேட்கிறாள்:

“கடை வடக்கேல்லம்மா இருக்கு? வியாழக்கிழமை போகட்டுமா?”