ஒலிந்தோ பார்த்த பொருத்தம்

மனிதர்களில் பொருத்தம் பார்ப்பவர் என்று ஓர் இனம் உண்டு. ஜாதகம் பார்ப்பவரைச் சொல்லவில்லை. தட்டுக்கும் கிளாசுக்கும் பொருத்தம் பார்ப்பவரைச் சொல்கிறேன். இத்தாலியில் எங்கள் வால்தொப்பியாதெனே மலைச்சரிவில் இவர்கள் திராட்சைக் கொடிக்கு ஒருவராக விளைகிறார்கள். புரொசெக்கோ என்னும் நுரைக்கும் ஒயினை நீங்களும் நானும் குடிப்போம். இவர் விசாரிப்பார். கிளாசை வெளிச்சத்துக்குத் தூக்குவார், மூக்கை உள்ளே விடுவார், கண்ணை மூடுவார், பச்சை ஆப்பிள் என்பார், பேரிக்காய் என்பார், மழை விட்ட தோட்டம் என்பார். அதற்குள் உங்கள் கிளாசில் நுரை அடங்கி, தண்ணீரே போதும் என்றாகிவிடும். 'எக்ஸ்ட்ரா ட்ரை' என்று எழுதிய பாட்டில்தான் 'ப்ரூட்' என்று எழுதியதை விட இனிப்பு என்று அவர் விளக்காத விருந்து உண்டா? அதைக் காதில் வாங்கியவர்தான் உண்டா?

எங்கள் தெரு ஒலிந்தோ இந்த இனத்தின் திலகம். போன ஞாயிற்றுக்கிழமை அவர் மகள் மொரேனாவின் கல்யாணத்துக்கு நாள் குறிக்க, மாப்பிள்ளை திசியானோவும் அவன் அம்மா இனேசும் வந்திருந்தார்கள். பக்கத்து வீட்டுக்காரன் என்ற உரிமையில் நானும் உட்கார்ந்திருந்தேன். காலையிலிருந்து கணப்பில் சுழன்ற பன்றிக்கறியும் கோழியும் கம்பியிலிருந்து இறங்கி, ஆவி பறக்க மேசைக்கு வந்தன. இனேஸ் தன் பையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து வைத்தார். சொந்தச் சரிவில் விளைந்த கிளேரா திராட்சை, புளிப்புக்குக் கொஞ்சம் வெர்தீசோ. பாட்டிலுக்குள்ளேயே நுரைத்து, அடியில் வண்டல் தங்கிய ஒயின்.

ஒலிந்தோ அதைத் தூக்கிப் பார்த்தார்.

"சம்பந்தியம்மா, சரக்கு நல்ல சரக்குதான். ஆனா இது சொப்ரெஸ்ஸா சாசேஜோட குடிக்கிறதுக்கு. சுட்ட கறிக்கு ஒத்து வராது."

"எங்க வீட்ல எல்லாத்துக்கும் இதத்தான் குடிக்கிறோம்."

"குடிக்கலாம். வாய் இருக்கறவங்க யாரு வேணாலும் குடிக்கலாம். ருசின்னு ஒண்ணு இருக்குல்ல?"

இனேஸ் எழுந்தார். பாட்டிலைத் திரும்பப் பைக்குள் வைத்தார்.

"திசியானோ, கிளம்புடா. எங்க பாட்டிலே ஒத்து வராத வீட்ல என் பையன் எப்படி ஒத்து வருவான்?"

மொரேனாவின் முகத்தில் ரத்தமே இல்லை. எனக்கு ஒலிந்தோவை நாலு சாத்து சாத்தலாமா என்றிருந்தது. அவரோ, மகள் கல்யாணம் வாசலைத் தாண்டப் போவது தெரியாமல், கறிக்கு ஏற்ற பாட்டிலை அலமாரியில் துழாவிக்கொண்டிருந்தார். கறி ஆறிக்கொண்டிருந்தது.

அவர் மனைவி நிவேஸ்தான் வழியை மறித்தார்.

"உக்காருங்க சம்பந்தி. பொருத்தம் பார்த்திருந்தா நான் இந்த மனுஷனைக் கட்டியிருப்பேனா? ஒரு நாளாவது எங்க ரெண்டு பேருக்கும் ஒத்துப் போயிருக்கா? முப்பது வருஷம் ஓடலையா?"

பையிலிருந்து பாட்டிலை உருவி, மெல்லக் கவிழ்த்து வண்டலைக் கலக்கி, தக்கையைத் திறந்து புருஷன் கிளாசில் ததும்ப ஊற்றினார். தட்டில் ஒரு துண்டுக் கறியும் விழுந்தது.

"மூக்கை வெளியில வச்சிட்டுக் குடிங்க."

ஒலிந்தோ குடித்தார். மென்றார். மறுபடி குடித்தார். ஆப்பிளும் இல்லை, பேரிக்காயும் இல்லை. காலி கிளாசை இனேஸ் பக்கம் நீட்டினார்.

"இன்னும் கொஞ்சம்."

இனேஸ் சிரித்துவிட்டார், உட்கார்ந்தும் விட்டார். அறுவடை முடிந்த முதல் சனிக்கிழமை கல்யாணம் என்று முடிவானது.

"ஆனா ஒண்ணு," என்றார் ஒலிந்தோ. "கல்யாணக் கேக்குக்கு மட்டும் இது ஒத்து வராது."

நிவேஸ் அவர் வாயில் இன்னொரு துண்டுக் கறியைத் திணித்தார்.

சிரிக்கிறீர்களா? நன்றாகச் சிரியுங்கள். ஆனால் அடுத்த முறை உங்கள் வீட்டு விருந்தாளி வத்தக்குழம்புக்குப் பொரித்த அப்பளத்தை எடுக்கும்போது, "அதுக்குச் சுட்ட அப்பளந்தாங்க சரி" என்று உங்கள் வாய் திறக்கப் பார்த்தால், முதலில் அவர் கையைப் பாருங்கள். பையைத் தேடிக்கொண்டிருக்கப் போகிறது.