நெப்ராஸ்காவில் நமக்கு யாருமில்லை

"பாஸ்டனா? அடி என் தங்கமே! என் தம்பி அங்கதானே இருக்கான்!"

எதிர் வீட்டுத் திராயங்கா கதவைத் தட்டவில்லை. பிரிலெப் ஊரிலிருந்து குடிவந்த ஆறு மாதத்தில் அவள் ஒரு தடவைகூடத் தட்டியதில்லை. நேராகச் சமையலறைக்குள் வந்து, கலினாவின் மடிக்கணினியை ஓரமாகத் தள்ளிவிட்டு, மேசையில் முழங்கைகளை ஊன்றிக்கொண்டாள். அவளுக்குப் பின்னால் அவள் புருஷன் மெத்தோடி செருப்பைக் கழற்றிவிட்டு வாசலிலேயே நின்றார்.

'சேர சம்மதம்' என்ற பொத்தானுக்கு மேலே கலினாவின் விரல் அப்படியே நின்றது.

"தம்பியா?"

"கூடப் பிறந்தவன். நேத்தே பேசிட்டேன். ஏர்போர்ட்டுக்கு அவனே வண்டி எடுத்துட்டு வருவான். மாடியில ரூம் காலியா இருக்கு. ஞாயித்துக்கிழமை கோயிலுக்குக் கூட்டிட்டுப் போவான். வாரம் ஒருதரம் உங்கம்மாவுக்கு போன் பண்ணி நீ என்ன சாப்பிட்ட, எப்ப வந்த, யாரோட வந்தன்னு சொல்லிடுவான். அவன் பையனுக்கு இருபத்தாறு வயசு. பல்செட் செய்யற வேலை. நல்ல சம்பளம்."

"அத்தை, நான் படிக்கப் போறேன்."

"படியேன். யாரு வேண்டாம்னா? ஒரு சின்னப் பொட்டலம் தர்றேன், அவன்கிட்ட குடுத்துடு. பன்னண்டு கிலோதான்."

மெத்தோடி ஏதோ சொல்ல வாயெடுத்தார். திராயங்கா திரும்பிப் பார்த்தாள். அவர் வாயை மூடிக்கொண்டார். வருஷத்துக்கு ஆறு வாக்கியம் பேசுகிற மனிதர். இன்று அதில் ஒன்று மிச்சமாயிற்று.

அவர்கள் போனதும் கலினா பாஸ்டன் பக்கத்துக் கல்லூரிக்கு, 'மிக்க நன்றி, வர இயலாது' என்று பதில் எழுதினாள். எழுதும்போது மூக்கு விடைத்திருந்தது.

நான்கு அமெரிக்கக் கல்லூரிகள் அவளுக்கு இடம் தந்திருந்தன. மே ஒன்றாம் தேதிக்குள் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இன்று ஏப்ரல் பன்னிரண்டு. மாசிடோனியாவின் பிட்டோலா நகரத்தில் பதினெட்டு வருஷம் வாழ்ந்துவிட்ட அவளுக்கு அமெரிக்காவில் வேண்டியது ஒன்றே ஒன்று: தன்னை யாருக்கும் தெரியாத ஒரு தெரு. இங்கே ஷிரோக் சோகாக் கடைத்தெருவில் ஒரு பையனோடு உட்கார்ந்து காப்பி குடித்தால், கோப்பை ஆறுவதற்குள் அவன் அப்பா என்ன வேலை, தாத்தா எந்தக் கட்சி என்று அம்மாவுக்குத் தகவல் போய்விடும். கலினா கனவில் வேறு ஒரு நகரம் இருந்தது. அங்கே மழை பெய்யும். அவள் குடையில்லாமல் நடப்பாள். "சளி பிடிக்கும்டி" என்று எந்த ஜன்னலிலிருந்தும் எந்தக் குரலும் வராது.

அந்த மழைக்காகத்தான் இரண்டு வருஷம் ராத்திரி பகலாகப் படித்தாள்.

அப்பா நவூம் ஒன்றும் தடை சொல்லவில்லை. அவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். ஊரில் பாதிப் பேர் அவரிடம் கற்றுக்கொண்டவர்கள். கத்தவே மாட்டார். மாணவன் மரத்தைப் பார்த்துப் போனாலும், தன் காலடியில் இருக்கும் இன்னொரு பிரேக்கை மெதுவாக மிதிப்பார், அவ்வளவுதான். கல்லூரிகளின் கடிதங்களை அகராதி வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படித்தார். பாஸ்டன்காரர்கள் வருஷத்துக்குப் பதினெட்டாயிரம் டாலர் வீட்டிலிருந்து கேட்டிருந்தார்கள். இன்னும் இரண்டு கல்லூரிகள் கேட்டதும் கிட்டத்தட்ட அவ்வளவே. நவூம் கடிதங்களை மடித்து வைத்தார்.

"பணம் என் கவலை. நீ மனசுக்குப் பிடிச்ச எடத்துக்குப் போ."

கலினா அவரைக் கட்டிக்கொண்டாள். அதோடு பணத்தை மறந்தும் போனாள். அப்பா சொன்னால் சொன்னதுதானே.

"சிகாகோ," என்று அன்று மாலை அம்மாவிடம் சொன்னாள். "பெரிய ஊரு. அங்க யாரு யாரைக் கண்டுக்கப் போறாங்க? ஆனா யாருகிட்டயும் மூச்சு விடாதே."

"நான் ஏன்டி சொல்லப் போறேன்," என்றாள் அம்மா ல்யூப்கா.

மறுநாள் முடி வெட்டிக்கொள்ளப் போனாள். முடிதிருத்தும் ஸ்பாசே துணியைக் கழுத்தில் இறுக்கிக் கட்டினார். இனி ஓட முடியாது என்று தெரிந்த பிறகுதான் பேச ஆரம்பித்தார்.

"சிகாகோவாமே?"

"யார் சொன்னா?"

"எங்க சின்னம்மா அங்கதான் பேக்கரி வெச்சிருக்காங்க. உனக்குக் கட்டில்கூடப் போட்டுட்டாங்களாம். சனிக்கிழமை காலையில அஞ்சு மணிக்கு எழுந்து கூடமாட மாவு தேய்ச்சுக் குடுத்தாப் போதும். புரெக் பலகாரத்துக்கு மாவு தேய்க்கத் தெரியுமில்ல?"

"தெரியாது!"

"அவங்க கத்துக் குடுப்பாங்க. கொஞ்சம் கை நீட்டுவாங்க. ஆனா பாசத்துலதான் அடிப்பாங்க. ஆடாதம்மா, காது போயிடும்."

பாதி வெட்டிய முடியோடு வீட்டுக்கு வந்து கதவை அறைந்தாள் கலினா.

"எதுக்கும்மா ஊரு பூரா தமுக்கடிச்ச?"

"ஊரு பூராவா? ஸ்பாசேகிட்ட மட்டும்தான்டி சொன்னேன்."

"அவர்கிட்ட சொன்னா ரேடியோவுல சொன்ன மாதிரி!"

"நீ சொல்லாதேன்னு சொன்னது வெளியாளுங்ககிட்டன்னு நினைச்சேன். அவர் உனக்கு முதன்முதலா முடி வெட்டினவரு."

அப்பா செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து அமைதியாகச் சொன்னார்: "நல்லதுதானே கலினா. சிகாகோல நமக்குன்னு ஒரு ஆள்."

சிகாகோவுக்கும் 'மிக்க நன்றி' போயிற்று. அதை அனுப்பும்போது கண்ணில் நீர் வந்துவிட்டது. அந்தக் கல்லூரிக்கு ஏரிக்கரையில் ஒரு நூலகம் இருந்தது. அதன் ஜன்னலில் தான் உட்கார்ந்திருப்பதை அவள் எத்தனையோ முறை மனதில் பார்த்துவிட்டாள்.

அடுத்தது சியாட்டில். இந்த முறை அம்மாவிடமும் சொல்லவில்லை. மழை ஊர், அவள் கனவுக்கு அளவெடுத்துத் தைத்த ஊர். நகர நூலகத்துக்குப் போய், அந்தப் பக்கத்து மழையைப் பற்றி ஏதாவது புத்தகம் இருக்கிறதா என்று மட்டும் கேட்டாள். நூலகர் வியொலெட்டா மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தாள்.

"சியாட்டிலா? என் பெரியப்பா பொண்ணு அங்க போலீஸ்ல இருந்து ரிட்டயர் ஆனவ. பொழுது போகாம உக்காந்திருக்கா, பாவம். நீ போனீன்னா உன்னைக் காலேஜுக்குக் கொண்டுவிட்டுக் கூட்டிட்டு வருவா. உன்னோட வகுப்புல உக்காரக்கூடத் தயார்."

"வகுப்புலயா?"

"கடைசி பெஞ்சுல."

கலினா புத்தகத்தை வாங்காமலே வெளியே வந்தாள். சதுக்கத்து மணிக்கூண்டுக்குக் கீழே நின்று, யாரைத் திட்டுவதென்று தெரியாமல், புறாக்களைத் திட்டினாள். ஒரு நாட்டின் மொத்த ஜனத்தொகையே இருபது லட்சத்துக்குள். அதில் அவளுக்குத் தெரிந்தவர்களின் உறவுக்காரர்கள் மட்டும் எப்படி அவள் போகிற ஊர்களாகப் பார்த்துக் குடியேறியிருக்கிறார்கள்? இது அநியாயம் இல்லையா? கொலம்பஸ் கரையிறங்கியபோதுகூட ஒரு மாசிடோனிய அத்தை கரையில் நின்று, "சாப்பிட்டியா?" என்று கேட்டிருப்பாள்.

இவர்கள் சொல்வதெல்லாம் நிஜம்தானா என்று சந்தேகம் வந்தது. சோதித்துப் பார்த்துவிட முடிவு செய்தாள். அன்று இரவுச் சாப்பாட்டில், கரண்டியை வைத்துவிட்டுச் சொன்னாள்:

"அலாஸ்கா."

அப்பாவின் முள்கரண்டி பாதி வழியில் நின்றது. "என்னது?"

"அலாஸ்காவுல ஒரு காலேஜ். இன்னிக்குத்தான் கடிதம் வந்துது. போறதுன்னு முடிவு பண்ணிட்டேன்." கடிதமும் இல்லை, கல்லூரியும் இல்லை.

அப்பா வாயிலிருந்த பீன்ஸை வெகுநேரம் மென்றார்.

"குளிருமே," என்றார். பிறகு எழுந்து, சிகரெட் வாங்கி வருகிறேன் என்று வெளியே போனார். சிகரெட்டை விட்டு இரண்டு வருஷமாகிறது. மகள் பிரிவை நினைத்து மறுபடி ஆரம்பித்துவிட்டார் போலிருக்கிறது என்று கலினாவுக்கு மனசு ஒரு நிமிஷம் இளகியது.

மறுநாள் மத்தியானம், கெபாப் கடை ரிஸ்தோ கரிப்புகைக்கு நடுவிலிருந்து அவளைக் கைதட்டிக் கூப்பிட்டார்.

"அலாஸ்கா போறியாமே! என் மச்சான் அங்கதான் மீனை டின்ல அடைக்கிற வேலையில இருக்கான்."

கலினா புகையைக் கையால் விலக்கினாள். "அலாஸ்காவுல எங்க?"

ரிஸ்தோ இடுக்கியால் ஒரு கெபாபைப் புரட்டினார். அதைத் திரும்பவும் பழையபடி புரட்டினார்.

"நடுவுல."

"நடுவுல எந்த ஊரு?"

"ஊரெல்லாம் கிடையாதும்மா. வெறும் நடு."

அவளுக்கு இருந்த கடைசிச் சந்தேகமும் தீர்ந்தது. பனிப்பாறைக்கு நடுவிலும் நம் ஆள் இருக்கிறான். வீட்டுக்கு வந்ததும் சியாட்டிலுக்கு 'மிக்க நன்றி' எழுதி அனுப்பினாள். கனவில் பெய்த மழை நின்றுபோயிற்று.

மிச்சம் இருந்தது ஒன்று. நெப்ராஸ்கா.

அந்தக் கடிதத்தை அவள் அடியில் போட்டு வைத்திருந்தாள். ஊரைக் கண்டுபிடிக்க வரைபடத்தை ஒன்பது முறை பெரிதாக்க வேண்டியிருந்தது. படிப்பு, அறை, சாப்பாடு, புத்தகம் எல்லாச் செலவையும் அவர்களே பார்த்துக்கொள்வதாக எழுதியிருந்தார்கள். கூடவே வந்த படத்தில் நூலகத்தின் முன்னால் மூன்று மாடுகள் நின்றன. ஒரு மாடு நேராகக் கேமராவைப் பார்த்தது. படிக்க விருப்பமுள்ள மாடு மாதிரி இருந்தது.

இந்தத் தடவை கலினா ரகசியம் காக்கவில்லை. தானே ஊரைச் சுற்றிக் கிளம்பினாள்.

"ஸ்பாசே மாமா, நெப்ராஸ்காவுல உங்களுக்கு யாராவது?"

ஸ்பாசே கத்தரிக்கோலை மார்பில் வைத்துக்கொண்டார். "அங்க யாருமில்லையேம்மா."

வியொலெட்டா உதட்டைப் பிதுக்கினாள். ரிஸ்தோ தொப்பியைக் கழற்றினார். திராயங்கா மட்டும் கன்னத்தில் கைவைத்து, "நெப்ராஸ்காவா! அங்க நம்ம ஆளு ஒரு ஈ காக்காகூட இல்லையேடி! தனியா என்ன பண்ணுவே?" என்று கிட்டத்தட்ட அழுதே விட்டாள்.

கலினா வீட்டுக்குப் பறந்து வந்தாள். மனதில் மழை போய் ஒரு பெரிய வயல்வெளி வந்திருந்தது. அதன் நடுவே அவள் ஒருத்தி, தலைக்குமேல் பேர் தெரியாத மேகங்கள். அதுவும் மோசமில்லை.

"நெப்ராஸ்கா," என்றாள் சாப்பாட்டு மேசையில்.

அப்பா முதல் தடவையாக மேசையில் கையைத் தட்டினார். உப்புக் குப்பி துள்ளியது.

"முடியாது!"

அம்மாகூடத் திடுக்கிட்டாள்.

"ஏன் முடியாது?"

"அங்க நமக்கு யாருமில்லை! உடம்பு சரியில்லைன்னா ஒரு கஞ்சி வெச்சுக் குடுக்க ஆளில்லை. பாஸ்டன்ல இருந்தாங்க, சிகாகோல இருந்தாங்க. அதையெல்லாம் உதறிட்டு மாட்டுக்கு நடுவுல போய் உக்காரணுமா? நான் அனுப்பமாட்டேன். இது என் கடைசி வார்த்தை!"

"உங்க கடைசி வார்த்தையா?" கலினா எழுந்து நின்றாள். கன்னம் இரண்டும் தீயாகச் சிவந்திருந்தன. "பதினெட்டு வருஷமா நான் தும்மினாக்கூட இந்த ஊரு மூக்கைத் துடைச்சு விட்டுச்சு. எனக்குன்னு ஒரு ஜலதோஷம்கூடச் சொந்தமா இருந்ததில்லை! எங்க போனாலும் ஒரு அத்தை, ஒரு சின்னம்மா, ஒரு போலீஸ்காரி! எனக்கு யாருமே வேண்டாம். என் வாழ்க்கையை நான்தான் முடிவு பண்ணுவேன்!"

"கலினா, சொன்னாக் கேளு..."

"கேக்க மாட்டேன்!"

மடிக்கணினியைக் கொண்டுவந்து தட்டுக்கு நடுவில் வைத்தாள். அப்பாவின் கண்ணை நேராகப் பார்த்துக்கொண்டே, 'சேர சம்மதம்' என்ற பொத்தானை அழுத்தினாள். அவ்வளவு பலமாக அழுத்தத் தேவையில்லை.

நவூம் எழுந்து பால்கனிக்குப் போனார். அவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, பெலிஸ்டர் மலையைப் பார்த்து நின்றார். அவர் தோள்கள் குலுங்கின.

"பாரு, அப்பாவை அழ வெச்சுட்ட," என்றாள் அம்மா. சமையல் ஏப்ரனால் முகத்தை முழுக்க மூடிக்கொண்டாள். அவள் தோள்களும் குலுங்கின.

கலினாவுக்கு வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் சுதந்திரம் என்றால் சும்மாவா? அவள் படித்த நாவல்களில் யாருமே வீட்டாரை அழவைக்காமல் வெளியேறியதில்லை.

ஆகஸ்ட் கடைசி வாரம், விடிந்து ஏழு மணிக்கு, கட்டடமே வாசலில் கூடி நின்றது. திராயங்கா, கிளம்புகிறவள் பின்னால் ஊற்றுவதற்காக ஒரு குவளைத் தண்ணீரோடு காத்திருந்தாள். ஊற்றினால் பயணம் தண்ணீர் மாதிரித் தடையில்லாமல் ஓடுமாம். அப்பா தெருமுனையில் காரைத் திருப்பிக்கொண்டிருந்தார். அம்மா உள்ளே எதையோ நூறாவது தடவையாகத் தேடிக்கொண்டிருந்தாள். மூன்றாம் மாடியிலிருந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு மெத்தோடி இறங்கி வந்தார்.

படிக்கட்டின் கடைசித் திருப்பத்தில் கலினாவுக்கு மனசு நிறைந்துவிட்டது. ஜெயித்தவர்களுக்கு வரும் பெருந்தன்மை வந்தது.

"மெத்தோடி மாமா, பாஸ்டன்ல இருக்கிற உங்க மச்சான்கிட்ட என் சார்பா மன்னிப்புக் கேட்டுடுங்க. பாவம், மாடி ரூமெல்லாம் ஒழிச்சு வெச்சிருந்தாராம்."

மெத்தோடி பெட்டியைக் கீழே வைத்து, நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டார்.

"எந்த மச்சான்? திராயங்கா அவங்க வீட்டுக்கு ஒத்தப் பொண்ணும்மா. உங்கப்பா எழுதிக் குடுத்ததை மூணு நாளா குளியலறையில மனப்பாடம் பண்ணினா, அதுல நெப்ராஸ்கான்னா 'யாருமில்லை'ன்னு மட்டும்தான் சொல்லணும்னு சிவப்பு மையில ரெண்டு கோடு வேற போட்டிருந்தாரு."