பாண்டா பார்த்த சனிக்கிழமை

இந்த ஜென்மத்தில் இனி படிக்கட்டுத் துடைப்பதில்லை என்று சேஷாத்ரி சபதமே எடுத்துவிட்டார். மனசுக்குள்தான். வாய்விட்டு எடுக்க அவர் மனைவி சுபத்ரா அனுமதிக்க வேண்டுமே!

ஜெர்மனியில், பான் நகரில் அவர்கள் குடியிருந்த கட்டிடத்தில் அப்படி ஒரு வழக்கம். அந்த மாடியில் இரண்டே வீடு. எந்த வீட்டுக் கதவில் மரப்பலகை தொங்குகிறதோ, அந்த வீட்டார் சனிக்கிழமை படிக்கட்டைக் கூட்டித் துடைக்க வேண்டும். மறுவாரம் பலகை எதிர்வீட்டுக்குப் போகும். இவர்கள் வீட்டில் 'வீட்டார்' என்றால் சேஷாத்ரி. பலகையைப் பார்த்தாலே மனுஷனுக்கு இடுப்பு பிடித்துக்கொள்ளும்.

சனிக்கிழமை விடிந்ததும் டிவியைப் போட்டார். சீன அரசாங்கம் நடத்தும் டாக்குமெண்டரி சேனல். சீனத்திலும் வரும், பட்டனை அழுத்தினால் இங்கிலீஷிலும் வரும்.

"என்னங்க, துடைப்பம் காத்துட்டிருக்கு."

"ஆபீஸ்ல சீனா புராஜெக்ட் வருது சுபத்ரா. பாஷை கத்துக்கறேன். ஒரு நிமிஷம் விட்டாலும் போச்சு!"

"பாண்டா மூங்கில் தின்னுது. இதுல என்ன பாஷை?"

"பின்னாடி ஒருத்தன் பேசறான் பாரு, அதான்!"

சுபத்ரா துடைப்பத்தோடு வெளியே போனாள். உடனே இங்கிலீஷுக்கு மாற்றினார். காலடி கேட்டால் சீனம். நின்றால் இங்கிலீஷ். உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. சோபாவுக்கும் கதவுக்கும் நடந்தார். சண்டை போடாமல் போய்விட்டாளே, அதுதான் இடித்தது.

மத்தியானம் எதிர்வீட்டு யூலான் சாப்பிட வந்தாள். சீனத்துக்காரி. "இவருக்கு உங்க பாஷை வரும், தாராளமாப் பேசுங்க" என்று சுபத்ரா ஜெர்மனில் அறிமுகம் வேறு செய்துவைத்தாள்!

யூலான் சீனத்தில் நீளமாக ஏதோ கேட்டாள். சேஷாத்ரிக்கு வேர்த்துக் கொட்டியது. புரியவில்லை என்றால் மானம் போய்விடும். நம்ம ஊர்த் தலையாட்டல் வேறெதற்கு இருக்கிறது? பலமாக ஆட்டினார். மறுபடியும் கேட்டாள். இன்னும் பலமாக ஆட்டினார். யூலான் அவர் கையைப் பிடித்துக் குலுக்கு குலுக்கென்று குலுக்கிவிட்டுக் கிளம்பினாள்.

"அப்பாடா! எப்படிச் சமாளிச்சேன் பாத்தியா?"

"பாத்தேனே. அவங்க வாரத்துக்கும் நீங்களே படிக்கட்டுத் துடைப்பீங்களான்னு கேட்டாங்க. வருஷம் பூராவுமான்னு மறுபடி கேட்டாங்க. ரெண்டுக்கும் தலையாட்டிட்டீங்க."

சேஷாத்ரி துள்ளி எழுந்தார். "அடிப்பாவி! நீ எப்போ சீனம் கத்துக்கிட்டே?"

"எனக்கெதுக்குங்க சீனம்? காலையில படிக்கட்டுல வெச்சு, என்ன கேக்கணும்னு அவங்களுக்குச் சொல்லிக் குடுத்ததே நான்தான். ஜெர்மன்ல கேட்டா மாட்டேன்னுடுவீங்களே!"