பெயர் போடாமலே மாட்டிக்கொண்டேன்

ஊருக்குப் பாடம் எடுக்கும் விஷயத்தில்தான் நாம் சறுக்கி விழுவோம். அதற்கு என்னைவிட நல்ல சாட்சி பெங்களூரில் கிடைக்காது. எங்கள் கம்பெனியில் தகவல் பாதுகாப்பு பற்றி வருடா வருடம் எல்லாருக்கும் வகுப்பு நடத்துபவள் நான். "பேரை அழிச்சா மட்டும் போதாதுங்க. வயசு, மாடி, சர்வீஸ் மூணையும் சேர்த்துப் பார்த்தா ஆளைப் பிடிச்சிடலாம்" என்று கையை ஆட்டி ஆட்டிச் சொல்லுவேன். (கேட்பவர்கள் போனில் பிரியாணி ஆர்டர் செய்துகொண்டிருப்பார்கள்.)

அப்போது எனக்கு ஒரு காரியம் ஆக வேண்டியிருந்தது. காக்ஸ் டவுனிலிருந்து தினமும் ஸ்கூட்டரில் அவுட்டர் ரிங் ரோடு வரை போய் வந்து இடுப்பே கழன்றுவிட்டது. வாரம் இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை செய்ய அனுமதி கேட்டிருந்தேன். கையெழுத்துப் போட வேண்டியவர் மேலாளர் நாகராஜ். கன்னடக்காரர், நல்ல மனிதர்தான். ஆனால் மீட்டிங்கை மட்டும் சரியாக மதியம் ஒரு மணிக்கு வைப்பார். நாங்கள் பசியோடு பார்த்துக்கொண்டிருக்க, வேகவைத்த கடலைக்காயை உரித்து வாயில் போட்டபடியே பேசுவார்.

அந்த நேரம் பார்த்து ஊழியர் மனநலக் கருத்துக்கணிப்பு வந்தது. பெயர் வேண்டாம், எந்த மொழியிலும் எழுதலாம், புதிதாக வாங்கிய ஏஐ எல்லாவற்றையும் தொகுத்துவிடும் என்றார்கள். ஆணா பெண்ணா, வயது என்ன, எந்த மாடி, எதில் வருகிறீர்கள் என்று கேட்டதற்கெல்லாம் சமர்த்தாகப் பதில் சொன்னேன். (நான் நடத்திய பாடம் எனக்கே ஞாபகம் வரவில்லை!) மன உளைச்சலுக்குக் காரணம் கேட்ட இடத்தில் தமிழில் கொட்டித் தீர்த்தேன்: "எங்களைப் பட்டினி போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்து கடலைக்காய் தின்கிறார். தொண்டையில் சிக்கினால் தண்ணீர்கூடக் கொடுக்க மாட்டேன்."

அடுத்த வாரம் எல்லாரையும் ஹாலில் கூட்டி முடிவைத் திரையில் போட்டார்கள். பெயர் சொல்ல மாட்டோம் என்ற வாக்கைக் காப்பாற்றினார்கள். 'மூன்றாம் மாடி, நாற்பது வயதைத் தாண்டிய பெண்கள், ஸ்கூட்டரில் வருபவர்கள், தமிழில் எழுதியவர்கள்: இவர்களில் நூறு சதவீதம் பேர் ஒரு மணி மீட்டிங்கால் பாதிக்கப்பட்டுள்ளனர்' என்று ஆங்கிலத்தில் இருந்தது. அந்த நூறு சதவீதமும் நான் ஒருத்திதான். கீழே கடலைக்காய், தொண்டை, தண்ணீர் எல்லாம் மொழிபெயர்ப்போடும் என் அசல் தமிழோடும் வந்திருந்தன. ஹாலில் இருந்த அத்தனை தலைகளும் என் பக்கம் திரும்பின. நானும் யாரையோ தேடுவதுபோல் பின்னால் திரும்பினேன். அங்கே சுவர்தான் இருந்தது.

மாலையில் நாகராஜ் கூப்பிட்டார். மேஜையில் கடலைக்காய்ப் பொட்டலம், பக்கத்தில் என் விண்ணப்பம். போச்சு, இனி ஓய்வு பெறும்வரை ஸ்கூட்டர்தான் என்று நினைத்துக்கொண்டே உட்கார்ந்தேன்.

"சிக்கினா தண்ணிகூடக் கொடுக்க மாட்டீங்க, ஹௌதா, அப்படித்தானே மேடம்?"

"ஐயோ, கொடுப்பேன் சார். மெஷின் தப்பா மாத்திடுச்சு சார்."

"எங்கம்மா வேலூர் மேடம். நான் தமிழ்லயே படிச்சுட்டேன்."

வெட்கத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவரோ பேனாவை எடுத்து, இரண்டு நாள் என்பதை அடித்துவிட்டு ஐந்து நாள் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். "வீட்லயே இருங்க மேடம். ரெண்டு பேர் மனசுக்கும் நல்லது" என்றார்.

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொல்லிப் புலம்பியபோது மகளும் கேட்டுக்கொண்டிருந்தாள். அதுதான் வினை. இப்போது ஐந்து நாளும் சமையல் என்னுடையது. குழம்பில் உப்புக் கூடினால் தட்டைத் தள்ளிவைத்துவிட்டுச் சொல்கிறாள்: "பேரெல்லாம் சொல்ல மாட்டேன் மம்மி. இந்த வீட்ல பத்தாவது படிக்கிறவங்கள்ல நூறு சதவீதம் பேர் பாதிக்கப்பட்டிருக்காங்க."