இருபத்தெட்டுப் பேரும் கரையேறினார்கள்

காந்திபுரம், கோயம்புத்தூர்.
1996 ஜூன் 23, ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் 4 மணி 10 நிமிடம்.
ஆட உட்கார்ந்தவர்கள்: 39. ஆடி முடித்தவர்கள்: 28. நீங்கள் கேட்டது: 25.

மதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு,

உங்கள் அக்கா மகன் தமிழ்வேந்தன் வணக்கத்துடன் எழுதுவது. நலம் விசாரிப்பைக் கடைசிக்குத் தள்ளியிருக்கிறேன். முதலில் எழுதினால் ‘பையன் சௌக்கியமாத்தான் இருக்கறான்’ என்று அத்தையிடம் சொல்லிவிட்டுக் கடிதத்தை மடித்து வைத்துவிடுவீர்கள். இந்த முறை முழுக்கப் படிக்க வேண்டும். ஏனென்றால் நான் ஜெயித்துவிட்டேன்.

மே மாதம் பன்னிரண்டாம் தேதி கோபியில், உங்கள் வீட்டில், என் இலையில் பாதிச் சோறு இருக்கும்போது நீங்கள் சொன்னது எனக்கு எழுத்துப் பிசகாமல் ஞாபகம் இருக்கிறது. “நீ செஞ்சு வெச்சிருக்கற அந்தக் கம்ப்யூட்டர் ஆட்டத்தை இருபத்தஞ்சு பேரு முடிவு வரைக்கும் ஆடட்டும் கண்ணு. அப்புறம் ஒரு வருசத்துக்கு நான் வாயே தொறக்கமாட்டேன். ஜூன் முப்பதுக்குள்ள ஆடலீன்னா, ஒண்ணாந்தேதி சோமனூரு. நம்ம சிநேகிதர் தறிப்பட்டறையில கரண்டு வேலை பாக்க ஆள் கேட்டுட்டே இருக்கறாரு. ரசம் ஊத்திக்க.” ரசம் ஊற்றிக்கொண்டேன். டிப்ளமோவில் எலெக்ட்ரானிக்ஸ் படித்துவிட்டு நூறு தறிக்கு நடுவே காதில் பஞ்சு வைத்துக்கொண்டு பியூஸ் போடும் வாழ்க்கையை ரசத்தோடு சேர்த்து விழுங்கினேன். அன்றைக்கு வரை என் ஆட்டத்தை முடித்தவர்கள் எண்ணிக்கை பூஜ்யம்.

‘இருகரை’ வெறும் அடிதடி ஆட்டம் என்று அத்தையிடம் சொல்லியிருக்கிறீர்கள். தவறு. ஆனைமலை அடிவாரத்தில் ஓர் ஆறு. கையில் ஒரு சிலம்பக் கம்போடு நீங்கள் வருகிறீர்கள். ஏழு நாள் அந்த ஊரில் இருக்கிறீர்கள். நீங்கள் செய்வதற்கும் சொல்வதற்கும் ஏற்றபடி உள்ளே ஓர் எண் ஏறும், இறங்கும். அதற்குக் குண எண் என்று பெயர். நினைவகம் வீணாகக் கூடாது என்று அதற்கு ஒரே ஒரு பைட்தான், அதாவது நினைவகத்தில் ஒரே ஒரு சின்ன அறைதான், ஒதுக்கினேன். சிக்கனம் உங்களிடம் கற்றது. ஏழாம் நாள் முடிவில் எண் ஐம்பதுக்கு மேலே இருந்தால் மேல்கரை ஆசான் கதவைத் திறந்து வர்ம அடி சொல்லிக்கொடுப்பார். மைனஸ் ஐம்பதுக்குக் கீழே போயிருந்தால் கீழ்க்கரை ஆசான் சுருள்வாள் சொல்லிக்கொடுப்பார். இரண்டுக்கும் நடுவில் இருந்தால் இரண்டு கதவும் மூடி. அந்தக் கம்பை ஊன்றிக்கொண்டு ஆற்றைப் பார்த்துக்கொண்டே நிற்க வேண்டியதுதான். அதாவது, நீங்கள் எந்த அடியைக் கற்பீர்கள் என்பதை உங்கள் கை பலம் முடிவு செய்வதில்லை, உங்கள் குணம் முடிவு செய்கிறது. இதை எழுத எனக்கு எட்டு மாதம் ஆயிற்று. தமிழ் எழுத்துகளையே கிராப் தாளில் புள்ளி புள்ளியாக நான்தான் வரைந்தேன். நான் ரிப்பேர் பார்க்கும் கம்ப்யூட்டர் சென்டரின் முதலாளி வெங்கடபதி சார், வகுப்பு இல்லாத நேரத்தில் ஓரத்தில் இருந்த பழைய 386 கம்ப்யூட்டரை எனக்கு விட்டுக்கொடுத்தார்.

முதலில் பதின்மூன்று பேர் உட்கார்ந்தார்கள். பதின்மூன்று பேரும் ஆற்றைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். காரணம் கேளுங்கள். முதல் நாளே ஒரு முரடன் பாதையை மறிப்பான். பதில் மூன்று கொடுத்திருந்தேன்: ‘வழியை விடடா’, ‘வெட்டிப்போடுவேன்’, ‘பேசாமல் நில்’. பதின்மூன்று பேரும் மூன்றாவதை அழுத்தினார்கள், எண் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. “முன்னப்பின்னத் தெரியாதவங்களைப் போயி எப்படீங்க டேய்ங்கறது?” என்று கேட்டாள் கிருபா. இவள் எங்கள் சென்டரில் டைப்பிங் சொல்லிக்கொடுப்பவள், ஞாயிறு தவறாமல் சபைக்குப் போகிறவள், சரி, மென்மையானவள் என்று விட்டுவிட்டேன். ஆனால் டயர் கடை நஞ்சுண்டனை என்ன சொல்வது? நிஜ வாழ்க்கையில் சிலம்பம் ஆடுகிறவர், ஆட்டத்தில் வரும் கம்படி முறைகள் எல்லாம் அவர் மொட்டை மாடியில் ஆடிக் காட்டி நான் அளந்து எடுத்தவை. அவராவது அடிப்பார் என்று நம்பினேன். இரண்டாம் தடவை ஆடியபோது தப்பித் தவறி ஒரு சண்டைக்குள் நுழைந்துவிட்டார், மூன்றாவது அடியில் எதிரியின் கம்பு கீழே விழுந்தது, இவர் கையை விசைப்பலகையிலிருந்து எடுத்துவிட்டார். அடியுங்கள் என்றேன். “எடுத்துக்கட்டுமுங்க தம்பி. வெறுங்கையோட நிக்கறவரைப் போயி...” எதிரி கம்பை எடுக்க நான் நிரலே எழுதவில்லை மாமா. அவன் எடுக்கவே மாட்டான். நஞ்சுண்டன் நாற்பது நிமிடம் காத்திருந்தார். நடுவில் கீழே போய் டீ குடித்துவிட்டு வந்து, “இன்னும் எடுக்கலீங்களா? பாவம், களைச்சுப்போயிட்டாரு போல” என்று மறுபடி உட்கார்ந்தார். கடைசியில் கரண்டு போய்த்தான் இருவரையும் பிரித்தது.

நான் கத்தினேன். என் குணம் தெரியுமே, மனதில் ஒன்று வெளியில் ஒன்று எனக்குக் கிடையாது. உங்களால் ஒரு பொம்மையைக்கூட அடிக்க முடியவில்லை என்றால் எதற்கு இங்கே வந்து நாற்காலியைத் தேய்க்கிறீர்கள் என்று கேட்டேன். நஞ்சுண்டன் வருத்தப்படவில்லை. “நெசந்தானுங்க” என்று சிரித்துவிட்டுப் போனார். அது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

தீர்வு வந்தது சென்னியம்மாளிடமிருந்து. சென்டருக்குக் கீழே மெஸ் நடத்துகிறவர். மே இருபத்தாறாம் தேதி சாப்பாட்டுப் பாத்திரம் எடுக்க மேலே வந்தவர் திரையைப் பார்த்தார். “ஏனுங்க தம்பி, இந்தாளு யாருங்க?” கெட்டவன் என்றேன். “கெட்டவனா? மீசையை முறுக்கிட்டு, டேய்னு கத்திட்டு, இப்படியா வருவான்? எம்பட பைப்பை ரெண்டு வருசமா அடைக்கறவன் தெனமும் வந்து, அக்கா சாப்புட்டீங்களா, புள்ளைங்க சௌக்கியமான்னு கேட்டுப்போட்டுத்தான் போறானுங்க. நீங்க பாலிடெக்னிக்ல என்னத்தப் படிச்சீங்களோ போங்க.” பாத்திரத்தை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டார். மாமா, வெளிநாட்டுக்காரன் ஆட்டத்தில் முதல் திரையிலேயே நீ நல்லவனா கெட்டவனா என்று கேட்டுவிடுகிறான். கேட்டால் எவன் தன்னைக் கெட்டவன் என்பான்? நானும் அதே மடத்தனத்தை மீசை வைத்துச் செய்திருந்தேன்.

பதினொரு நாளில் மாற்றிப்போட்டேன். முரடர்களை எல்லாம் அழித்தேன். மொத்தம் ஒன்பது பேர், ஒன்பது கேள்வி. எல்லாரும் வெள்ளைத் துண்டு, எல்லாரும் கும்பிடு. முதல் ஆள் வந்து, “சாப்புட்டீங்களா? ஒண்ணுமில்லீங்க, அந்த மதகுச் சாவியை ஒரே ஒரு நாளைக்குக் குடுத்தீங்கன்னா...” என்பான். பதில்கள்: ‘ஆகட்டுங்க’, ‘யோசிச்சுச் சொல்றேனுங்க’, ‘ஆகாதுங்க’. ஆகட்டுங்க என்றால் மைனஸ் பதினைந்து. யோசிச்சுச் சொல்றேனுங்க என்றால் மைனஸ் பத்து, ஏனென்றால் யோசித்துவிட்டு எவனும் ஆகாது என்று சொன்னதில்லை. ஆகாதுங்க என்றால் பிளஸ் பத்து. சாவி போனது போனதுதான். இரண்டு திரை தள்ளிக் கீழ்வயல் காய்ந்து கிடக்கும், ஆனால் யார் காரணம் என்று அப்போது சொல்ல மாட்டேன்.

ஜூன் ஆறாம் தேதியிலிருந்து உட்கார்ந்தவர்கள், பழைய ஆட்களில் கிருபாவையும் நஞ்சுண்டனையும் சேர்த்து, இருபத்தெட்டுப் பேர். இருபத்தெட்டுப் பேரும் முடித்தார்கள்! ஒருவர்கூட நடு ஆற்றில் நிற்கவில்லை. விரல்கள் என்ன வேகம் என்கிறீர்கள், ஆகட்டுங்க, ஆகட்டுங்க, ஆகட்டுங்க என்று ‘1’ பொத்தான் தேய்ந்து எழுத்தே அழிந்துவிட்டது. ஏழாம் நாள் கீழ்க்கரை ஆசான் எழுந்து நின்று, “வாங்க வாங்க, உங்களை மாதிரி நல்லவங்களுக்காகத்தான் காத்துக்கிட்டிருந்தேனுங்க” என்று சுருள்வாளை நீட்டினால், சந்தோஷமாக வாங்கிக்கொண்டு போய் மேல்கரை ஆசானையே வெட்டிவிட்டு வருகிறார்கள். அதற்கப்புறம்தான் கடைசித் திரை: உங்கள் குண எண் இவ்வளவு, உங்களால் காய்ந்த வயல் இன்னின்னாருடையது. கிருபாவுக்கு மைனஸ் நூற்றுப் பத்து. பொய்ச்சாட்சி கேட்டவனிடம் மட்டும் ஆகாதுங்க என்றாளாம், மற்ற எட்டுப் பேருக்கும் ஆகட்டுங்க. “நான் யாருக்கும் ஒரு கெடுதலும் பண்ணலீங்களே வேந்தன்” என்றாள். அதேதான், கேட்டதைக் கொடுத்தாய், அவ்வளவுதான் என்றேன். அப்புறம் மறுபடி முதலிலிருந்து ஆட உட்கார்ந்துவிட்டாள். நஞ்சுண்டனுக்கு மைனஸ் எழுபது. அன்று சாயங்காலமே டயர் கடையில் யாரோ கடனாக ஜாக்கி கேட்டதற்கு, வாழ்க்கையில் முதல் தடவையாக ஆகாதுங்க என்று சொல்லிப் பார்த்தாராம். “உள்ளங்கையெல்லாம் வேர்த்துப்போச்சுங்க தம்பி. ஆனா நல்லா இருந்துச்சுங்க.”

இருபத்தாறு பேர் கீழ்க்கரை. மேல்கரையில் ஏறியவர்கள் இரண்டே பேர். ஒருவர் சென்னியம்மாள். ஒன்பது கேள்விக்கும் ஆகாதுங்க, பிளஸ் தொண்ணூறு. கேள்வி முழுவதும் திரையில் வருவதற்குள் அழுத்திவிட்டார், ஒன்பதாவது ஆளைப் பார்த்து ‘எம்பட பைப்பை அடைக்கறவனேதான் இவன்’ என்றும் சொன்னார். இன்னொருவர் நேற்று வந்த ஒரு பெரியவர். வெள்ளைச் சட்டை, பையில் மூன்று பேனா, அப்படி ஒரு தன்மையான பேச்சு. பதிவேட்டில் சென்னகிருஷ்ணன் என்று எழுதினார், ஊர் கேட்டால் “பக்கத்துலதானுங்க” என்றார். அவர் ஆடும்போது நான் பிரிண்டரைப் பிரித்துப் போட்டிருந்ததால் கவனிக்கவில்லை. முடிவைத்தான் பார்த்தேன்: பிளஸ் நூற்று இருபத்தாறு! எல்லாரிலும் உச்சம். மனிதன் என்றால் இப்படி இருக்க வேண்டும் மாமா. நீங்கள் இவரைப் போன்றவர்களோடு பழக வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

ஆகவே கணக்கு முடிந்தது. ஒரு வருடம் நீங்கள் வாய் திறக்கக் கூடாது. சோமனூர்ச் சிநேகிதரிடம், பையன் வரமாட்டான் என்று நேராகச் சொல்லிவிடுங்கள். ‘பாக்கலாமுங்க’ என்று இழுக்க வேண்டாம், அதற்கும் மைனஸ் பத்துதான்.

இப்போது நலம். அத்தை பாவாத்தாள் அவர்களுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கும் என நம்புகிறேன். ரசத்தைப் பற்றி எனக்கு எந்தப் புகாரும் இல்லை என்று சொல்லவும். அம்மா சுகம், நானும் சுகம், 386உம் சுகம். இது பெரியவர்களிடம் ஆசி கேட்க வேண்டிய இடம். கேட்டதாகவும் நீங்கள் கொடுத்ததாகவும் எடுத்துக்கொண்டேன்.

என்றும் மரியாதையுள்ள, ஜெயித்த,
தமிழ்வேந்தன்

பி.கு. மாலை 6 மணி 25 நிமிடம். உறையை ஒட்டப் போகும்போது அந்தப் பெரியவர் மறுபடி வந்தார், கையில் ஒரு பொட்டலம் மிக்சர். “சாப்புட்டீங்களா தம்பி?” என்றார். சாப்பிட்டேன் என்றேன். “நேத்து ஆடுனதுல இருந்து வேற நெனப்பே இல்லீங்க. நம்ம சோமனூர்ப் பட்டறையில புதுசா ஒரு பென்டியம் கம்ப்யூட்டரு வாங்கி, துணி போட்டு மூடி வெச்சிருக்கறமுங்க. தொட ஆளில்ல. ஒண்ணாந்தேதி வந்தீங்கன்னா, பகல்ல தறிக்குக் கரண்டு பாத்துக்கலாம், சாயங்காலம் அந்த மிசினு உங்களுதுங்க. உங்க மாமாவும் போயி ஒரு எட்டு பாத்துட்டு வாங்கன்னுதான் சொன்னாருங்க. வந்துருவீங்கல்லங்க?” மாமா, நான் நேராகப் பேசுகிறவன். என் வாய் ‘ஆகட்டுங்க’ என்றது. உங்கள் சோமனூர்ச் சிநேகிதர் கும்பிட்டுவிட்டுப் போன பிறகுதான் மூளைக்கு உறைத்தது: ஒன்பது கேள்விக்கு ஒன்பது பத்து, தொண்ணூறுக்கு மேல் யாருமே போக முடியாது. நூற்று இருபத்தாறு எங்கிருந்து வந்தது? பதிவைத் திறந்து பார்த்தேன். எட்டு ஆகட்டுங்க, ஒரு யோசிச்சுச் சொல்றேனுங்க. மைனஸ் நூற்று முப்பது. ஒரு பைட்டுக்குள் மைனஸ் நூற்று இருபத்தெட்டுக்குக் கீழே இடம் கிடையாது. அதையும் தாண்டி இறங்கினால் எண் சுற்றிக்கொண்டு உச்சிக்கு, பிளஸ் நூற்று இருபத்தேழுக்கு, போய் அங்கிருந்து இறங்கத் தொடங்கும். ஊரிலேயே அடியில் இருந்த ஆளை என் சிக்கனம் மகானாக்கிவிட்டது. ஆகவே இனி நான் செய்யப்போவது:

1. ஜூலை ஒன்றாம் தேதி காலை எட்டு மணிக்குச் சோமனூரில் இருப்பேன். காதுக்குப் பஞ்சு நானே கொண்டுபோவேன்.
2. அதற்கு முன் குண எண்ணுக்கு இரண்டு பைட் ஒதுக்குவேன்.
3. மேல்கரை ஏறியவர் ஒரே ஒருவர் என்று திருத்தி, சென்னியம்மாளிடம் நேரில் போய்ச் சொல்லுவேன்.
4. என் பெயரையும் பதிவேட்டில் ஏற்றுவேன்: மைனஸ் பதினைந்து. பென்டியத்தின் மேல் இருக்கும் துணியை எடுத்த பிறகு இதற்கு வருத்தப்படுவேனா என்று பார்ப்பேன்.
5. ஆட்டத்தில் பத்தாவதாக ஓர் ஆளைச் சேர்ப்பேன். இலை போட்டு, பாதிச் சோற்றில், ‘ரசம் ஊத்திக்க கண்ணு’ என்று தொடங்குவார். அவர் பெயர் ஐயாசாமி. உங்கள் பெயரை நான் மாற்றப் போவதில்லை.
6. அவருக்கும் மூன்றாவது பதில் ‘ஆகாதுங்க’தான். அதை அழுத்த நான் இப்போதிருந்தே பழகுவேன்.