கட்டிலில் படுத்த கன்றும் மூன்று விசாரணை அதிகாரிகளும்

“...இப்பதான் கண் அயர்ந்தது ஐயா. எழுப்பிப் போடாதேங்கோ.”

கொழும்பிலிருந்து வந்த பெரிய அதிகாரி ஒருவரிடம், அவர் படுக்கவேண்டிய கட்டிலில் நுளம்பு வலைக்குள் படுத்துக் கிடந்த எருமைக்கன்றைக் காட்டி இப்படிச் சொன்ன மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான் இருந்திருப்பார். அவர்தான் எங்கள் அகப்பையர். தாய் தகப்பன் வைத்த பெயர் ஒன்றும் இருந்தது. அது சம்பளப் பட்டியலுக்கு மட்டும்.

ஐம்பதுகளின் கடைசியில் முல்லைத்தீவுப் பக்கம் ஒரு குளக்கட்டின் கீழே எங்கள் அலுவலகம், அந்தக் காலப் பேச்சில் கந்தோர், இருந்தது. அதற்குப் பக்கத்தில், சுற்றுப்பயணம் வரும் உத்தியோகத்தர்கள் தங்குவதற்கு ஓர் அரசாங்கப் பங்களா. அதற்குக் காவற்காரரும் சமையற்காரரும் அகப்பையர்தான். காட்டுக்குப் போகிற மற்ற ஆண்கள் இடுப்பில் கத்தி செருகுவார்கள். இவர் தேங்காய்ச் சிரட்டை அகப்பை செருகுவார். கோயிலுக்குப் போனாலும் அகப்பை போகும்.

ஆட்களின் பெயரும் பதவியும் அவருக்குத் தலையில் நிற்காது. கறிதான் நிற்கும். “அந்தக் காணி உத்தியோகத்தர் வந்தாரோ?” என்று கேட்டால் விழிப்பார். “மரைமான் கறியிலை எலும்பு கேட்டவர்” என்றால், “ஓமோம், அவரோ! நேற்றுத்தான் வந்தவர், நல்ல பிள்ளை” என்பார். எங்கள் வன்னிப் பக்கம் வந்த எந்த உத்தியோகத்தரின் நாக்கும் அவருக்குத் தெரியாமல் இருந்ததில்லை. மனிதரின் முகம் பொய் சொல்லும், இரண்டாந்தரம் சோற்றுக்கு நீட்டுகிற கோப்பை பொய் சொல்லாது என்பது அவர் கண்ட சித்தாந்தம்.

கன்று கட்டிலுக்குப் போன கதை இதுதான். பெரிய அதிகாரி வர முன்னமே கடிதம் போட்டிருந்தார்: தமக்கு எருமைத் தயிர் வேண்டும் என்று. அகப்பையரின் எருமை அப்போதுதான் கன்று போட்டிருந்தது. கன்றைக் காணாமல் எருமை பால் இறக்காது. மாரி மழையோ கொட்டுகிறது, கன்று குளிரில் வெடவெடக்கிறது. கன்று போனால் பால் போச்சு, பால் போனால் தயிர் போச்சு, தயிர் போனால் அரசாங்கத்தின் மானம் போச்சு. பங்களாக் கூரை முழுவதும் ஒழுக்கு. ஒழுகாத இடம் அந்தக் கட்டில் ஒன்றுதான். அகப்பையர் கணக்கில் இதில் யோசிக்க ஒன்றுமில்லை. கன்றைத் துடைத்துப் படுக்கவைத்து, நுளம்பு வலையையும் இறக்கிவிட்டார். அதிகாரி ஒரு நாள் முந்தி, பின்னேரம் இரண்டு மணிக்கு வந்து, சப்பாத்தைக் கழற்றி, வலையைத் தூக்கினார். உள்ளே இருந்தது அவர் முகத்தை நக்கியது.

ஒரு கிழமைக்குள் குற்றப்பத்திரிகை வந்தது. நான் அந்தக் கந்தோரில் சின்னக் கிளாக்கர். வாசித்துக் காட்டுகிற பாவம் என் தலையில் விழுந்தது. அரசாங்கக் கட்டிலில் விலங்கினம் ஒன்றைப் படுக்க வைத்தமை, ஒன்று. மேலதிகாரியை நிற்க வைத்து விலங்கினத்தை உறங்க விட்டமை, இரண்டு. விசாரணை முடியும்வரை கடமையிலிருந்து விலகி நிற்க வேண்டும்.

“என்ரை கடமை என்ன தம்பி?”

“சமையல் அண்ணை.”

“அப்ப சமைக்கக்கூடாது.”

சொன்னபடியே வீட்டுக்குப் போய் அகப்பையைக் கழுவி, துணியில் சுற்றி, முகட்டில் செருகினார். வீட்டிலும் சமைக்கமாட்டேன் என்றுவிட்டார். அவருடைய மனைவி கந்தோர் வாசலுக்கே வந்துவிட்டார்.

“தம்பி, கெதியா ஒரு விசாரணை ஐயாவைப் பிடியுங்கோ. இவர் நாள் முழுக்கக் குசினி வாசலிலை குந்திக்கொண்டு என்ரை சொதியைப் பார்த்துப் பெருமூச்சு விடுறார். ஒண்டில் அவருக்கு வேலையைக் குடுங்கோ, இல்லாட்டி எனக்கு விடுதலையைக் குடுங்கோ.”

பிடிக்கலாம் என்றுதான் நானும் நினைத்தேன். விசாரணை அதிகாரி என்றால் குற்றஞ்சாட்டப்பட்டவரிலும் பதவி கூடியவராய் இருக்க வேண்டும், வழக்கோடு சம்பந்தம் இருக்கக்கூடாது, ஆளில் விருப்பும் இருக்கக்கூடாது, வெறுப்பும் இருக்கக்கூடாது. விதியை வாசித்துவிட்டு எங்கள் பெரிய கிளாக்கர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். “கலியாணத்துக்குப் பத்துப் பொருத்தம் பார்க்கலாம் காணும், இந்தப் பொருத்தம் பார்க்க ஏலாது. அகப்பையரிலை வெறுப்புள்ளவன் கன்று நக்கின ஆள் ஒருத்தர்தான். விருப்பில்லாதவன் வன்னியிலையே இல்லை.”

உண்மைதான். செய்தி பரவியதும் உத்தியோகத்தர்கள் தாங்களாகவே கேட்டு எழுதினார்கள்: “அந்த விசாரணையை நானே வந்து செய்கிறேன்.” பங்களாவில் சமையல் நின்று போனதில் அவர்களுடைய வயிறுகளெல்லாம் அநாதையாகிக் கிடந்தன.

முதலாவதாக நியமனமானவர் வவுனியாவிலிருந்து வந்தார். பங்களா விறாந்தையில் மேசை போட்டு, நான் பேனையும் கையுமாக இருந்தேன். அவர் வந்த முகத்திலேயே ‘குற்றமில்லை’ என்று எழுதியிருந்தது. அகப்பையர் எழுந்து கைகட்டி நின்றார்.

“ஐயா, எனக்கு ஆட்சேபணை.”

“என்ன ஆட்சேபணை?”

“நீங்கள் என்னை விசாரிக்கக்கூடாது. நீங்கள் மரைக்கறியிலை எலும்பு கேட்டவர்.”

“அது... எப்பவோ ஒருக்கா...”

“மூண்டுதரம் ஐயா. மூண்டாந்தரம் விரலையும் சூப்பினனீங்கள்.”

ஆட்சேபணையை நான் பதிவில் எழுதினேன், விரல் உட்பட. வவுனியாக்காரர் வந்த ஜீப்பிலேயே திரும்பிப் போனார்.

மேலிடத்திலிருந்து அடுத்த நியமனம் வர ஐந்து மாதம் பிடித்தது. இரண்டாமவர் யாழ்ப்பாணத்துக்காரர், கெட்டிக்காரர். “நான் இந்தப் பங்களாவில் ஒருநாளும் சாப்பிட்டதில்லை, எழுதிக்கொள்ளும்” என்று முதலே எனக்குச் சொல்லிவிட்டார். அகப்பையர் அவரைச் சுற்றி ஒருதரம் நடந்தார். முன்னால் வந்து நின்றார்.

“முள்ளிவாய்க்கால் இறால். தேங்காய்ப்பால் சொதி. உறைப்புக்குக் கண்ணாலை தண்ணி ஓடினது. ‘அழுறன் எண்டு நினையாதையும், போடும்’ எண்டு சொன்னது நீங்கள்தானே ஐயா?”

யாழ்ப்பாணத்துக்காரர் தலையைக் குனிந்தார். ஆட்சேபணை இலக்கம் இரண்டு.

அன்றைக்கு எனக்குப் பொறுக்கவில்லை. “என்ன அண்ணை செய்யிறியள்? அந்த மனிசன் உங்களை விடுதலை செய்யத்தானே வந்தவர்? தலையிலை ஏறின வெள்ளத்துக்குள்ளை, வந்த தோணியையும் உதைச்சுத் தள்ளுறியளே!”

அவர் படியில் குந்தினார். “விடுவார்தான். விட்டால் சனம் என்ன சொல்லும்? கறி போட்டு நீதி வாங்கினவன் எண்டு சொல்லும். அப்பிடி ஒரு சொல் வந்துதெண்டால், இத்தனை வருசமும் நான் போட்ட சோறெல்லாம் லஞ்சமாப் போயிடும் தம்பி. வேலை போனால் போகட்டும். சோத்துக்குக் கெட்டபேர் வரப்படாது.”

நான் மூன்றாவது நியமனம் கேட்டு மேலிடத்துக்குக் கடிதம் எழுதப் போனேன்.

இதற்கிடையில் கன்று சும்மா இருக்குமா? கோப்பிலே அது ‘சான்று இலக்கம் ஒன்று’. ஒவ்வொரு விசாரணைக்கும் அதைக் கொண்டுவந்து காட்ட வேண்டும். முதல் விசாரணைக்கு அகப்பையர் அதைத் தோளில் தூக்கி வந்தார். இரண்டாவதுக்குக் கயிற்றில் நடத்தி வந்தார். மூன்றாவதுக்கு அது அவரை இழுத்துக்கொண்டு வந்தது.

அந்த மூன்றாவது ஆளைக் கண்டுபிடித்தது பெரிய கிளாக்கர். தூரத்திலிருந்து புதிதாக மாற்றலாகி வந்தவர். வயிற்றில் புண். பேக்கரிப் பாணும் அவித்த வாழைக்காயும் தவிர ஒன்றும் தொடமாட்டார், அதையும் வீட்டிலிருந்தே பொட்டலம் கட்டிக்கொண்டு வருவார். ‘பாண் ஐயா’ என்றுதான் பெயர். அவர் பஸ்ஸால் இறங்கியதும் அகப்பையர் அவருடைய முகத்தை உற்றுப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

“தம்பி, இது எனக்குத் தெரியாத நாக்கு. இவர்தான் நீதிபதி!”

காலையில் விசாரணை தொடங்கியது. சான்று இலக்கம் ஒன்று வாசலுக்குள் நுழைய முடியாமல் முற்றத்தில் நின்று குரோட்டன் செடியைத் தின்றது. பாண் ஐயா அதைப் பார்த்தார், உள்ளே போய்க் கட்டிலைப் பார்த்தார், சாணளந்தார்.

“இந்த மாடு இந்தக் கட்டிலில் படுத்திருக்க ஏலாதே?”

எனக்கு நெஞ்சுக்குள் மத்தாப்பு. பதினாலு மாதத் தாமதத்தில் சான்று வளர்ந்து குற்றத்தைவிடப் பெரிதாகிவிட்டது! ஆனால் அகப்பையர் இருக்கிறாரே.

“அது அப்ப சின்னன் ஐயா. படுத்தது உண்மை. நான்தான் படுக்க வைச்சனான். போர்த்தும் விட்டனான்.”

போர்த்தது குற்றப்பத்திரிகையிலேயே இல்லை. நான் எழுதாமல் விட்டேன்.

நடுப்பகல். பாண் ஐயா பொட்டலத்தை யன்னலில் வைத்துவிட்டுக் கை கழுவப் போனார். குளக்கட்டு மருதமரத்துக் குரங்குகளுக்கு விதியும் தெரியாது, வயிற்றுப்புண்ணும் தெரியாது. அவர் திரும்பி வரும்போது பொட்டலம் மரத்தின் உச்சியில் இருந்தது. “பரவாயில்லை, வேலையைப் பார்ப்பம்” என்று உட்கார்ந்தார். ஒரு மணித்தியாலத்தில் முகம் வெளிறியது. பேனை பிடித்த கை நடுங்கியது. அந்தப் புண் வயிறு காய்ந்தால் கடிக்கிற புண்.

அகப்பையர் என் காதுக்குள் குனிந்தார். “அந்த மனிசனுக்குக் கை நடுங்குது.”

“நடுங்கட்டும் அண்ணை. இன்னும் கொஞ்ச நேரந்தான். நீங்கள் கோப்பையை நீட்டினால் இவரும் போச்சு. பிறகு உங்களுக்கு ஆளைக் கொண்டுவர நான் இந்தியாவுக்குத்தான் போகவேணும். பேசாமல் இருங்கோ.”

இருந்தார். எழும்பினார். இருந்தார். முற்றத்து மாட்டைப் பார்த்தார், தன் வீட்டுப் பக்கம் பார்த்தார், பாண் ஐயாவின் கையைப் பார்த்தார். “வயிறு காய்ஞ்சவன் எழுத்து நேராப் போகாது” என்று முணுமுணுத்துக்கொண்டு ஒரே நடையாக வீட்டுக்குப் போனார். திரும்பி வரும்போது ஒரு கையில் குறுணல் அரிசி, மறு கையில் அகப்பை. சுற்றியிருந்த துணி அவிழ்ந்திருந்தது. பின்னால் மனைவியின் குரல் வேலிக்கு மேலால் வந்தது: “அடுப்பை மூட்டினால் வேலை துலைஞ்சுது, சொல்லிப்போட்டன்!”

பங்களா அடுப்பு மூண்டது. பதினாலு மாதத்துக்குப் பிறகு அந்தக் குசினியிலிருந்து மணம் வந்தது. உறைப்பில்லை, புளியில்லை, வெறும் அரிசியும் தேங்காய்ப்பாலும் ஒரு துண்டு இஞ்சியும். பாண் ஐயாவின் பேனை நின்றது.

“கிளாக்கர், இது என்ன மணம்?”

“உங்களுக்குக் கஞ்சி ஐயா.”

“நான் குடிச்சால்?”

“ஆட்சேபணை இலக்கம் மூண்டு. அவரே எழும்பிச் சொல்லுவார்.”

“குடியாவிட்டால்?”

“மயங்கி விழுவியள்.”

பாண் ஐயா நிமிர்ந்து உட்கார்ந்தார். “கஞ்சி இறக்க எவ்வளவு நேரம் செல்லும், கேளும்.”

கேட்டேன். “இன்னும் ஒரு கொதி!” என்று குசினி சொன்னது.

பாண் ஐயா எழுதத் தொடங்கினார். பதினாலு மாதம் இழுபட்ட விசாரணை ஒரு கொதிக்குள் முடிந்தது. அவர் எழுதியதை நான் பிரதி எடுத்ததால் இன்றைக்கும் மனப்பாடம்: ‘கன்று படுத்தது உண்மை. தயிர் கேட்டு எழுதிய கடிதமும் உண்மை. இவர் கடமையில் தவறவில்லை. கடமை கொஞ்சம் கூடிப் போயிற்று. உடனே வேலைக்குத் திரும்பலாம். கூரையைத் திருத்துக.’ ஒப்பம் வைத்தார், உறையில் போட்டார், அரக்கு உருக்கி முத்திரை குத்தினார். பிறகு பேனையை மூடினார்.

“இனி நான் விசாரணை அதிகாரி இல்லை. பசிச்ச மனிசன். கொண்டு வரச் சொல்லும்.”

அகப்பையர் கோப்பையோடு வந்து, வாயைத் திறந்தார், ஆட்சேபணை சொல்லத்தான். பாண் ஐயா விரலால் உறையைக் காட்டினார். அகப்பையர் அரக்கைத் தொட்டுப் பார்த்தார். காய்ந்திருந்தது. “அப்ப சரி” என்று ஊற்றினார். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று கேட்கவே இல்லை. நான் கண்ணைக் காட்டினேன், இருமினேன், கோப்பால் விசிறினேன். அவர் பார்த்ததெல்லாம் கோப்பையைத்தான். “உப்புக் காணுமோ ஐயா?”

கோப்பை இரண்டாந்தரம் நீண்டது. மூன்றாந்தரமும் நீண்டது. பிறகு பாண் ஐயா விறாந்தைச் சாய்மனைக் கதிரையில் சாய்ந்தார். வயிற்று நோவால் வருசக்கணக்காகப் பகலில் கண்மூடாத மனிதர், வாயைத் திறந்தபடி குறட்டை விட்டார்.

நாலு மணிக்குக் குளக்கட்டுத் திருப்பத்தில் பஸ் ஹோன் அடித்தது. அதை விட்டால் பாண் ஐயா திரும்பிப் போக அன்றைக்கு வேறு பஸ் இல்லை. நான் உறையைத் தூக்கிக்கொண்டு அவரைத் தட்டி எழுப்ப ஓடினேன். அகப்பை குறுக்கே வந்தது.

“இப்பதான் கண் அயர்ந்தவர் தம்பி. எழுப்பிப் போடாதேங்கோ.”

சொல்லிவிட்டு, தோளில் கிடந்த சால்வையை எடுத்து, என் கையிலிருந்த உறையைத் திரும்பியும் பாராமல், அந்த மனிதரின் முகத்தில் ஈ குந்தாதபடி மெல்ல விசிறிக்கொண்டு நின்றார்.